மூளைக் காயத்துக்குப் பிந்திய களைப்பு: கொழும்பு வீட்டிலிருந்து சமாளிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

வீதி விபத்து, மாடிப்படியில் விழுந்தது, மூளையில் இரத்தக்கசிவு, கட்டி அகற்றிய சத்திரசிகிச்சை என்று காரணம் எதுவானாலும், வீட்டுக்கு வந்த பிறகு மிகப் பலர் சொல்லும் முறைப்பாடு ஒன்றுதான்: "ஏலாமல் கிடக்கு." தையல் ஆறிவிட்டது, நடக்கிறார், கதைக்கிறார். ஆனால் காலையில் பேப்பரில் இரண்டு பக்கம் வாசித்தால் பகல் முழுக்கப் படுக்கை. வீட்டு ஆட்கள் முதலில் பரிதாபப்படுவார்கள். மூன்று மாதம் போனால், "பஞ்சி பிடிச்சுப் போச்சு" என்ற கதை தொடங்கிவிடும்.

பஞ்சிக்கும் இதற்கும் தொடர்பில்லை. உடல் எடையில் ஏறத்தாழ 2 சதவீதமே உள்ள மூளை, சும்மா இருக்கும்போதே உடலின் சக்தியில் ஏறத்தாழ 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. நரம்பிழைகள் சேதமான மூளை, பழைய வேலையைச் செய்யக் கூடுதலாகப் பாடுபட வேண்டியிருக்கிறது. ஃபேன் சத்தத்தை ஒதுக்கிவிட்டு மனைவி சொல்வதைக் கேட்பது முன்பு தானாக நடந்தது. இப்போது முயன்று செய்யவேண்டிய வேலை. மூளைத்தண்டு, ஹைப்போதலமஸ் போன்ற பகுதிகளும் அடிபட்டிருந்தால், விழிப்பையும் தூக்கத்தையும் நடத்தும் ஒழுங்கே குழம்பும். அதனால் இந்தக் களைப்பு செய்த வேலையின் அளவுக்குப் பொருத்தமில்லாமல் வரும், சட்டென்று வரும், ஒரு இரவு தூங்கினால் போகாது.

கீழே சொல்லும் எல்லாப் படிகளும் ஒரு விதியைச் சுற்றியே அமைந்தவை. களைத்த பிறகு ஓய்வெடுப்பதல்ல, களைக்கும் முன் கடிகாரத்தைப் பார்த்து ஓய்வெடுப்பது. மூளைக் காயத்துக்குப் பிறகு "போதும்" என்ற உணர்வு பிந்தித்தான் வரும். மூளையின் முன்பகுதி அடிபட்டவர்களுக்குத் தம் நிலையைத் தாமே கணிக்கும் திறனும் குறைந்திருக்கலாம். உணர்வை நம்பினால் எல்லையைத் தாண்டிய பிறகுதான் தெரியவரும்.

முதலில்: இது வெறும் களைப்புத்தானா?

வைத்தியசாலையிலிருந்து வீட்டுக்கு அனுப்பப்பட்டு, நிலை சீராக உள்ளவருக்கே இந்த வழிகாட்டி. நாளுக்கு நாள் தூக்கக்கலக்கம் கூடுவது, எழுப்பினாலும் எழும்பாதது, கூடிக்கொண்டே போகும் தலையிடி, திரும்பத் திரும்ப வாந்தி, ஒரு பக்கக் கை கால் பலவீனம், பேச்சுக் குளறல், வலிப்பு, திடீர்க் குழப்பம் ஆகியவற்றில் எது வந்தாலும் ஓய்வெடுத்துப் பார்க்க வேண்டாம். சுவசெரிய அம்புலன்சுக்கு 1990 என்ற இலக்கத்தை அழுத்துங்கள், கட்டணம் இல்லை. வயதானவர்களுக்கும் இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களுக்கும், சிறிய தலையடிக்குப் பிறகும் வாரக்கணக்கில் மண்டைக்குள் மெதுவாக இரத்தம் சேர்ந்து, "ஆள் சோர்ந்து போயிட்டார்" என்ற தோற்றத்தில் மட்டும் வெளிப்படலாம்.

தலையடியால் மூளைக்கு ஏற்பட்டது சிறு அதிர்ச்சி மட்டும்தான் என்றால், முதல் 24 முதல் 48 மணித்தியாலம் வேலையைக் குறைத்து ஓய்வாக இருந்துவிட்டு, பிறகு படிப்படியாக நடமாடத் தொடங்குவதே இன்றைய மருத்துவ அறிவுரை. இருட்டறையில் இரண்டு கிழமை கிடத்துவது பழைய பழக்கம்; அது குணமாவதைத் தாமதப்படுத்தும்.

படி 1: திருத்தக்கூடிய காரணங்களைத் தேடுதல்

களைப்புக்கு மூளைக் காயம் ஒன்றே காரணம் என்று முடிவுகட்டுவது அடிக்கடி நடக்கும் தவறு. மருந்தால் சரியாகக்கூடிய வேறு காரணங்கள் அதற்கு அடியில் ஒளிந்திருக்கும். கிளினிக்குக்குப் போகும்போது இவற்றைக் கேளுங்கள்.

இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின், சீனி, சோடியம், சிறுநீரகம், ஈரல், பி12, தைரொயிட் எல்லாம் பார்த்தாகிவிட்டதா? தைரொயிட்டில் ஒரு நுணுக்கம் உண்டு. வழக்கமாக, தைரொயிட்டைத் தூண்டும் ஹோர்மோனான டீஎஸ்எச் ஒன்றைத்தான் பார்ப்பார்கள். ஆனால் அதைச் சுரக்கும், மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி தலையடியில் பாதிக்கப்பட்டிருந்தால் டீஎஸ்எச் சரியாக இருப்பதுபோலவே காட்டும், உண்மையான தைரொயிட் ஹோர்மோன் குறைந்திருக்கும். ஆகவே அந்தத் தைரொயிட் ஹோர்மோனை அளக்கும் ப்ரீ டீ4 பரிசோதனையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எழுந்தவுடன் தலைசுற்றல், மாதவிடாய் நின்றுபோதல், பாலுணர்வு குறைதல், காரணமில்லாத எடை மாற்றம் போன்றவை இருந்தால் பிட்யூட்டரி பற்றி வைத்தியரிடம் நேரடியாகவே கேளுங்கள். காலை 8 மணியளவில் எடுக்கும் கோர்ட்டிசோல் என்ற ஹோர்மோனின் பரிசோதனை அதில் ஒன்று. இது மாதங்கள் கழித்தும் வெளிப்படலாம், எனவே வைத்தியசாலையில் இருந்தபோது சரியாக இருந்தது என்பது போதிய பதிலல்ல.

அடுத்தது குளிசைகள். வலிப்புக்குத் தரும் லெவடிரசெட்டம் பலருக்குத் தூக்கக்கலக்கத்தையும் எரிச்சலையும் தரும். ஃபெனிடோயின் இரத்தத்தில் கூடினால் தள்ளாட்டமும் மந்தமும் வரும். கார்பமசெபின் சோடியத்தைக் குறைக்கக்கூடும். ஒவ்வாமைக்கும் தடிமலுக்கும் பார்மசியில் வாங்கும் பழைய வகைக் குளிசைகளும் தூக்க மயக்கம் தருபவை. எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். வலிப்பு மருந்தைத் திடீரென நிறுத்துவது உயிராபத்து. அளவையோ நேரத்தையோ மாற்றலாமா என்று மட்டும் கேளுங்கள். தலையிடிக்குப் பரசிட்டமோல் மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ எடுக்கிறார் என்றால், அந்தக் குளிசையே தலையிடியை நிலைநிறுத்திக்கொண்டிருக்கலாம். அதையும் சொல்லுங்கள்.

குறட்டை, தூக்கத்தில் மூச்சு நின்று திணறுதல் இருந்தால் பக்கத்தில் படுப்பவர் கைத்தொலைபேசியில் ஒரு நிமிடம் பதிவுசெய்து வைத்தியருக்குக் காட்டட்டும். வாயால் விவரிப்பதைவிட அது நன்றாக எடுபடும்.

மனச்சோர்வும் களைப்பும் ஒன்றையொன்று ஊட்டி வளர்க்கும். பிரித்தறிய ஒரு எளிய கேள்வி: செய்ய ஆசை இருந்தும் முடியவில்லையா, ஆசையே இல்லையா? இரண்டாவது பதில் இரண்டு கிழமைக்கு மேல் நீடித்தால் மனநல வைத்தியரைப் பார்ப்பது அவசியம்.

படி 2: 14 நாள் பதிவு

ஒரு 80 பக்கக் கொப்பி போதும். காலை 6 முதல் இரவு 9 வரை, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஒரு வரி. நேரம், என்ன செய்தார், எவ்வளவு நிமிடம், சூழல் எப்படி (சத்தம், வெளிச்சம், வெக்கை, ஆட்கள்), களைப்பு 0 முதல் 10 வரை எத்தனை. வேலை தொடங்கும் முன் ஒரு எண், முடிந்தபின் ஒரு எண். தூங்கிய நேரமும் எழும்பிய நேரமும் பக்கத்தின் மேலே.

எழுதுவதே களைப்பைத் தரும் என்றால் வீட்டில் ஒருவர் எழுதலாம். ஆனால் எண்ணைச் சொல்லவேண்டியவர் காயப்பட்டவர்தான். எழுதுபவர் தன் கண்ணில் பட்டதைப் பக்கத்தில் குறிக்கலாம்: கொட்டாவி, கண்ணைக் கசக்குதல், கேட்டதையே திரும்பக் கேட்டல், சொல் தடுமாறுதல், சின்ன விடயத்துக்குச் சீறுதல், கையிலிருந்து பொருள் விழுதல். ஒவ்வொருவருக்கும் இதில் இரண்டோ மூன்றோதான் முதலில் வரும், பெரும்பாலும் அதே வரிசையில் வரும். கொப்பி நிரம்பும்போது அந்த வரிசை தெரிந்துவிடும். பல வீடுகளில் "கோபக்காரனாகிவிட்டான்" என்று நினைத்தது உண்மையில் களைப்பின் முதல் அறிகுறி என்று புரிவது இந்தக் கட்டத்தில்தான்.

இதோடு களைப்புத் தீவிர அளவுகோல் (ஆங்கிலத்தில் ஃபட்டீக் செவெரிட்டி ஸ்கேல்) என்ற வினாத்தாளையும் கேட்டு வாங்கி நிரப்புங்கள். 9 வாசகங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை புள்ளி. சராசரி 4 அல்லது அதற்கு மேல் என்றால் கவனிக்கவேண்டிய களைப்பு. நான்கு கிழமைக்கு ஒருமுறை திரும்ப நிரப்பினால் முன்னேற்றம் எண்ணில் தெரியும்.

படி 3: அடிமட்ட அளவைக் கணக்கிடுதல்

பதிவிலிருந்து ஒரு வேலையை எடுங்கள். கைத்தொலைபேசியில் வாசிப்பது என்று வைப்போம். களைப்பு 2 புள்ளி உயர எத்தனை நிமிடம் எடுத்தது என்று பாருங்கள். ஆறு தடவைகளில் 25, 30, 10, 20, 30, 15 நிமிடம் என்றால் சராசரி ஏறத்தாழ 22. அதில் முக்கால் பங்கு ஏறத்தாழ 16. வசதிக்கு 15 நிமிடம். இதுதான் அவருடைய அடிமட்ட அளவு. நல்ல நாளிலும் 15, கெட்ட நாளிலும் 15. அலாரம் அடித்ததும் கதை எந்த இடத்தில் இருந்தாலும் நிறுத்த வேண்டும்.

பெரும்பாலும் பிழைப்பது இங்கேதான். நல்ல நாளில் 30 நிமிடம் போனதே என்று 30-ஐ அளவாக வைப்பார்கள். அல்லது 15 முடிந்ததும் "இன்னும் தெம்பா இருக்கு" என்று தொடர்வார்கள். மிச்சமிருக்கும் அந்தத் தெம்போடு நிறுத்துவதுதான் முறையே. தெம்பான நாளில் ஒரு கிழமை வேலையைச் செய்து முடித்து, அடுத்த மூன்று நாள் விழுந்து கிடப்பது வட்டிக்குக் கடன் வாங்குவது மாதிரி: ஒவ்வொரு முறையும் எடுத்ததைவிடக் கூடக் கட்டவேண்டி வரும்.

குளிப்பது, சமைப்பது, கணக்குப் பார்ப்பது, ஆட்களோடு கதைப்பது, வெளியே போவது என்று முக்கியமான ஐந்தாறு வேலைகளுக்கு மட்டும் இப்படி அளவு எடுங்கள். எல்லாவற்றுக்கும் எடுக்கப்போனால் அதுவே ஒரு சுமை.

படி 4: எது ஓய்வு, எது ஓய்வல்ல

கண் மூடி, படுத்தோ சாய்ந்தோ, பேச்சில்லாமல், திரையில்லாமல் 10 முதல் 15 நிமிடம். அதுதான் ஓய்வு. ஹோலில் சோபாவில் சாய்ந்து தொடர்நாடகம் பார்ப்பது ஓய்வல்ல. முகநூலை உருட்டுவது கட்டாயம் ஓய்வல்ல. இரண்டிலும் மூளை படத்தையும் ஒலியையும் சொல்லையும் சேர்த்து ஓடித் திரிகிறது.

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை மாடி வீடுகளில் தனி அறை கிடைப்பது இலகுவல்ல. காதடைப்பானும் கண்ணை மறைக்க ஒரு கைத்துணியும் போதும். ஃபேனின் சீரான இரைச்சல் பலருக்கு வெளிச்சத்தத்தை மறைத்து உதவும். சிலருக்கு அதுவே தொல்லை. இரண்டையும் முயன்று பாருங்கள். ஓய்வு நேரத்தில் யாரும் கூப்பிடக்கூடாது என்பதைக் கதவில் ஒரு தாள் ஒட்டிச் சொல்லுங்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் பெரியவர்களைவிட அவர்கள்தான் அதை மதிப்பார்கள்.

பகல் தூக்கம் வேண்டுமானால் 30 நிமிடத்துக்குள், பிற்பகல் 3 மணிக்கு முன், அலாரத்தோடு. வீடு திரும்பிய முதல் கிழமைகளில் இதைவிடக் கூடத் தேவைப்படும், அப்போது கண்டிப்பு வேண்டாம்.

படி 5: நாளையும் கிழமையையும் அடுக்குதல்

வேலைகளை மூன்றாகப் பிரியுங்கள்: கனமானவை (பேங்க் போவது, படிவம் நிரப்புவது, பலர் கூடிய இடம்), நடுத்தரமானவை (குளியல், சமையலில் ஒரு பங்கு, பயிற்சி), இலேசானவை (உடுப்பு மடித்தல், பாட்டுக் கேட்டல்). ஒரு நாளில் கனமானது ஒன்றுதான். அதையும் பதிவில் களைப்பு எண் குறைவாக உள்ள நேரத்தில் வையுங்கள். பலருக்கு அது காலை 9 முதல் 11 வரை. ஒவ்வொரு வேலைக்கும் பின் ஓய்வு, கனமானதற்கு முன்னும் ஒன்று.

6 மணிக்கு எழும்பி யன்னலைத் திறந்து வெளிச்சத்தில் இருப்பது, 7.30-க்குச் சாப்பாடு, ஸ்டூலில் இருந்தபடி குளியல், 15 நிமிட ஓய்வு, 9 மணிக்குக் கனமான வேலை இரண்டு துண்டாக, 10 மணிக்கு மீண்டும் ஓய்வு, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் சிறு தூக்கம், 3 மணிக்கு வீட்டுக்குள் பயிற்சி, 6 மணிக்குப் பிறகு இலேசானவை மட்டும். இப்படி ஒரு சட்டகத்தைச் சுவரில் ஒட்டிவிட்டால், ஒவ்வொரு முறையும் "அடுத்து என்ன" என்று யோசிக்கும் செலவும் மிச்சம்.

கொழும்பில் போக்குவரத்தே ஒரு கனமான வேலை. காலை ஏழரைக்கு 138 பஸ்ஸில் நின்றுகொண்டு புறக்கோட்டைக்குப் போவதும், ஹோர்ன் சத்தத்தில் காலி வீதியைக் கடப்பதும் நாளின் சக்தி முழுவதையும் தின்றுவிடும். முடிந்தவரை 10 மணிக்குப் பிறகு புறப்பட்டு, பாடசாலை விடும் நேரத்துக்கு முன் திரும்புங்கள். தொப்பி, கறுப்புக் கண்ணாடி, காதடைப்பான், தண்ணீர்ப் போத்தல். பஸ்ஸைவிட ஓட்டோவுக்குக் காசு கூடத்தான். ஆனால் வாரத்தில் ஒரு பயணத்துக்கு மட்டுமே காசு ஒதுக்க முடியுமென்றால், போகும் பயணத்தைவிடத் திரும்பி வரும் பயணத்துக்கு ஒதுக்குங்கள். களைப்பு அப்போதுதான் உச்சம்.

தேசிய வைத்தியசாலைக் கிளினிக் நாளையும் ராகம புனர்வாழ்வு வைத்தியசாலைக்குப் போகும் நாளையும் முழு நாள் செலவாகவே எழுதுங்கள். முதல் நாள் மாலை வெறுமை, மறுநாள் காலை வெறுமை. வரிசையில் நிற்க இன்னொருவர் போகட்டும். காயப்பட்டவர் சத்தம் குறைந்த மூலையில் கண்மூடி இருக்கட்டும். கேட்கவேண்டிய மூன்று கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள், ஏனென்றால் முறை வரும்போது அவருக்குக் கதைக்கத் தெம்பிருக்காது.

கொழும்புத் தமிழருக்கென்று ஒரு செலவு உண்டு, பலர் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. வீட்டில் தமிழ், கடையில் சிங்களம், கந்தோரில் ஆங்கிலம். முன்பு யோசிக்காமல் மாறியவர்கள், இப்போது பிற்காலத்தில் கற்ற மொழியில் பத்து நிமிடம் கதைத்தாலே தளர்ந்துபோகலாம். பதிவில் எந்த மொழியில் கதைத்தார் என்றும் குறியுங்கள். சிங்களப் படிவம், ஆங்கிலத் தொலைபேசி அழைப்பு ஆகியவற்றைச் சில மாதம் வேறொருவர் ஏற்கட்டும்.

படி 6: உடற்பயிற்சி

ஓய்வு மட்டும் எடுத்தால் தசை தளர்ந்து, களைப்பு இன்னும் கூடும். வைத்தியரோ இயன்மருத்துவரோ சம்மதித்தபின் 5 முதல் 10 நிமிடம் சமதரையில் நடை, நாளுக்கு ஒருமுறை. நடக்கும்போது முழு வசனமாகக் கதைக்க முடியவேண்டும். மூச்சு முட்டினால் வேகம் அதிகம். ஒரு கிழமை சரியாகப் போனால் 1 அல்லது 2 நிமிடம் கூட்டுங்கள்.

நேரம் முக்கியம். ஈரப்பதமான வெக்கை களைப்பைக் கூட்டும். காலை 6 மணியளவில் சுதந்திர சதுக்கம், விகாரமகாதேவிப் பூங்கா போன்ற இடங்கள் நல்லவை. தரை சமம், இருக்க இடம் உண்டு, வாகனத்துக்கு ஒதுங்கத் தேவையில்லை. வெள்ளவத்தைக் கடற்கரை பக்கத்தில்தான், ஆனால் தண்டவாளத்தைக் கடக்கவேண்டும், மணல் சறுக்கும். தள்ளாட்டம் உள்ளவருக்கு ஏற்றதல்ல. தலைசுற்றல் வந்தால் நிறுத்தி இயன்மருத்துவரிடம் சொல்லுங்கள். உட்காதில் பிரச்சினை இருந்தால் அதற்குத் தனிப் பயிற்சி உண்டு.

படி 7: தூக்கம், தேத்தண்ணி, சாப்பாடு

எழும்பும் நேரத்தை மாற்றாதீர்கள், போயா நாளிலும் ஞாயிறிலும் கூட. படுக்கும் நேரத்தைவிட அதுதான் உடற்கடிகாரத்தைப் பிடித்து வைப்பது. காலையில் 30 நிமிடமாவது இயற்கை வெளிச்சம் கண்ணில் படட்டும்.

தேயிலையின் கஃபீன் பாதியாகக் குறையவே ஏறத்தாழ 5 மணித்தியாலம் எடுக்கும். பிற்பகல் 2-க்குப் பிறகு வேண்டாம் என்பதுதான் விதி. நாலு மணித் தேத்தண்ணியை நிறுத்தச் சொன்னால் இலங்கை வீடுகளில் கலவரம் வரும் என்பது தெரியும். அந்த நேரத்துக்கு மல்லித்தண்ணி வைத்துப் பாருங்கள்.

மத்தியானம் கோப்பை நிறையச் சோறு சாப்பிட்டால் 2 மணிக்குக் கண் சொருகும். சோற்றைக் குறைத்து, பருப்பு, மீன், முட்டை, கீரையைக் கூட்டுங்கள். மதுபானம் கூடவே கூடாது. காயப்பட்ட மூளையில் அதன் வேகம் கூடுதல், வலிப்பு அபாயமும் உண்டு.

படி 8: ஆட்கள்

நோயாளியைப் பார்க்கப் போகாவிட்டால் மனத்தாங்கல் வரும் சமூகம் நம்முடையது. ஹோர்லிக்ஸ் போத்தலும் அப்பிளும் கொண்டு ஐந்து பேர் ஒன்றாக வந்து, எல்லோரும் ஒரே நேரத்தில் கதைப்பார்கள். பலர் கூடிய உரையாடல்தான் காயப்பட்ட மூளைக்கு மிகக் கடினமான வேலை. ஒரு தடவைக்கு இருவர், 20 நிமிடம், மாலை 4 முதல் 5 வரை என்று வீட்டில் ஒருவர் பொறுப்பெடுத்துச் சொல்லட்டும். "டொக்டர் சொல்லியிருக்கிறார்" என்றால் யாரும் கோபிக்கமாட்டார்கள்.

வெளிநாட்டு உறவினர் அடுத்த சிக்கல். லண்டனில் கோடைகாலத்தில் மாலை 6 மணிக்கு வேலை முடிந்து அழைத்தால் இங்கே இரவு 10.30. வீடியோ அழைப்பு வேண்டாம். குரல் செய்தி அனுப்பச் சொல்லுங்கள், முடிந்தபோது கேட்கலாம். ஆடிவேல், கலியாணம் போன்றவற்றுக்கு முழுக்கத் தடை போடத் தேவையில்லை. மேளமும் கூட்டமும் இல்லாத அரைமணித்தியாலம், ஓரமாக ஒரு கதிரை, திரும்பிவர ஏற்பாடு முன்கூட்டியே.

படி 9: கூட்டுவதும் சறுக்கினால் செய்வதும்

இரண்டு கிழமை தொடர்ந்து அடிமட்ட அளவில் சரிவு வராமல் போனால், ஒரே ஒரு வேலையில் மட்டும் 10 முதல் 20 சதவீதம் கூட்டுங்கள். 15 நிமிட வாசிப்பு 17 ஆகட்டும். நேரத்தையும் கடினத்தையும் ஒன்றாகக் கூட்டினால் எது தாக்கியது என்று தெரியாமல் போகும்.

சறுக்கும் நாள் நிச்சயம் வரும்: தடிமல், மழையில் அகப்பட்ட பயணம், வீட்டில் ஒரு சாவு. இரண்டு நாளுக்கு எல்லா அளவையும் பாதியாக்குங்கள், மூன்றாம் நாள் முக்கால், பிறகு பழைய அளவு. ஒரு கிழமை முழுக்கப் படுக்கையில் இருக்க வேண்டாம், எழும்பும் நேரத்தை விடவும் வேண்டாம். என்ன நடந்தது என்பதைக் கொப்பியில் எழுதுங்கள். சரிவு பெரும்பாலும் அன்றைய வேலையால் அல்ல, முதல் நாள் செய்ததால் வரும்.

படி 10: வேலைக்கும் படிப்புக்கும் திரும்புதல்

வீட்டிலேயே ஒரு நாளில் 2 மணித்தியாலம் வேலை போன்ற ஒன்றைத் துண்டு துண்டாகச் செய்து, மறுநாள் விழாமல் இருக்க முடிந்த பின்னரே கந்தோர்க் கதையைத் தொடங்கலாம். திங்கள், புதன், வெள்ளி என்று இடைவெளி விட்டு, காலையில் 2 அல்லது 3 மணித்தியாலம். மேலதிகாரியிடம் கேட்கவேண்டியவை: சனநெரிசலுக்குப் பிந்திய வருகை நேரம், ஓரமான மேசை, வாய்மொழியாகச் சொல்வதை எழுத்தில் தருவது, கண்மூடி இருக்க ஒரு இடம். இதை வைத்தியரின் கடிதத்தோடு கேட்டால் பேரம் பேசவேண்டி வராது. மாணவர் என்றால் பாடசாலைக்கு அரைநாளோடு தொடங்கி, பிரத்தியேக வகுப்புகளைக் கடைசியாகச் சேருங்கள்; நூறு பேர் அடைத்த ரியூஷன் மண்டபம் மூளைக்கு ஒரு கலியாண வீடு.

வாகனம் ஓட்டுவது தனி விடயம். வைத்தியர் எழுத்தில் சம்மதிக்கும் வரை மோட்டார் சைக்கிளும் ஓட்டோவும் வேண்டாம், பிழைப்பே அதுவானாலும்.

மெதில்ஃபெனிடேட் போன்ற விழிப்பூட்டும் மருந்துகளைச் சிலருக்கு வைத்தியர்கள் தருவதுண்டு. எல்லோருக்கும் பொருந்தாது, இதயமும் இரத்த அழுத்தமும் பார்த்தே தருவார்கள். தெம்புக்கென்று விற்கும் டொனிக், லேகியம் எதையும் வலிப்பு மருந்தோடு சேர்த்து எடுக்குமுன் வைத்தியரிடம் போத்தலையே காட்டுங்கள்.

எட்டுக் கிழமை ஒழுங்காகச் செய்தும் கொப்பியில் எண்கள் அசையாவிட்டால், அல்லது முன்னேறிய பிறகு மீண்டும் கீழே இறங்கினால், அடுத்த கிளினிக் திகதிவரை காத்திருக்காதீர்கள். கொப்பியின் கடைசி 14 நாட்கள், குளிசைப் பட்டியல், களைப்பு அளவுகோலின் முதல் புள்ளியும் இப்போதைய புள்ளியும் ஆகிய மூன்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். கொப்பியில் சரிவு வந்த நாட்களைச் சிவப்புப் பேனையால் வட்டமிட்டு வையுங்கள், வைத்தியருக்குக் கிடைக்கும் ஐந்து நிமிடத்தில் கண் முதலில் அங்கே போகும்.